மறதி நோயில் வீழ்ந்த பெற்றோரை யாரிடம் ஒப்படைப்பது?





கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிய விஷயங்கள் பல உண்டு. கோழைத்தனம், உலகத்தின் சோதனை, கப்ருடைய வேதனை ஆகியவற்றோடு சேர்த்து அவர்கள் பாதுகாவல் தேடிய மற்றொன்று 'அர்தலுல் உமுர்' என்பது. வயதின் மிகத் தாழ்ந்த கட்டத்துக்குத் திருப்பப்படுவது என்று அதற்குப் பொருள். ஹளரத் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இந்த துஆவைத் தம் மக்களுக்கு, பள்ளிக்கூடத்து உஸ்தாது பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பது போல உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தார்கள் என்று புகாரி ஷரீபில் வந்திருக்கிறது. மக்களுக்கு ஏன் கற்றுக் கொடுக்க வேண்டும்? இந்தக் கட்டம் வந்தவர் தாமே ஓதிக் கொள்ள முடியாதவராகி விடுவார். முன்கூட்டியே ஓதி வைக்க வேண்டிய துஆ அது.

அந்தக் கட்டம் எப்படிப்பட்டது என்பதை அல்லாஹ் தன் திருமறையில் இரண்டு இடங்களில், நஹ்ல் சூராவின் 70ஆம் வசனத்திலும் ஹஜ் சூராவின் 5ஆம் வசனத்திலும், தெளிவாகவே சொல்லி விட்டான். எல்லாவற்றையும் அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாதவராக மனிதர் ஆகி விடுவது என்பதே அது. நடை தளர்வதோ, கண் மங்குவதோ, பல் விழுவதோ அங்கே சொல்லப்படவில்லை. அறிவு போவது மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. ஜெர்மனி தேசத்து டாக்டர் அல்ஜைமர் என்பவர் 1906ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியின் மூளையைப் பரிசோதித்து இந்த நோயின் ஒரு வகையை வைத்திய உலகுக்கு எடுத்துச் சொன்னார். டிமென்ஷியா என்று டாக்டர்கள் எழுதித் தரும் மறதி நோய் இதுதான். நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

நம் கோட்டாற்றுக்குப் பக்கத்து இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அவர்களை நாம் பெருமையோடு பேசுகிறோம். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் நிறுத்தி, ஒன்றும் பிசகாமல் திருப்பிச் சொல்லி 'சதாவதானி' என்று பட்டம் பெற்றவர்கள். நினைவாற்றல் என்பது அல்லாஹ்வுடைய எத்தனை பெரிய நிஃமத்து என்பதற்கு நம் மண்ணிலேயே அத்தாட்சி இருக்கிறது. அதே மண்ணில், அதே தெருக்களில், பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரு மோளே?" என்று கேட்கிற உம்மாமார்களும் இருக்கிறார்கள். கொடுத்தவனும் அவனே, எடுத்தவனும் அவனே. எடுக்கப்பட்டவர் மீது குற்றமில்லை. பக்கத்தில் இருக்கும் நம்மிடம்தான் கேள்வி கேட்கப்படும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இளங்கடையிலும் இடலாக்குடியிலும் கோட்டாற்றுச் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் எத்தனையோ வீடுகளில் ஆண் மக்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் வயதான வாப்பா. அவரோடு மருமகளும் இரண்டு குழந்தைகளும். வாப்பா நள்ளிரவில் எழுந்து கதவைத் திறந்து கொண்டு, என்றோ மூடிப்போன கடையைத் திறக்கக் கிளம்புகிறார். நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தண்டவாளத்துப் பக்கம் போய் விடுவாரோ என்று வீட்டுக்காரர்கள் தூங்குவதில்லை. கழித்ததை அறியாமல் கையால் அளைகிறார். குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார். மகன் போனில் பணம் அனுப்பியதைச் சொல்கிறார், "ஒரு இல்லத்தில் சேர்த்தால் என்ன?" என்று யாராவது வாய் திறந்தால், "என் வாப்பாவையா அனாதை ஆசிரமத்தில் விடுவது? ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று கோபப்படுகிறார். அவருடைய கோபத்தில் அன்பும் இருக்கிறது, குடும்ப மானமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அவர்தான் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மஸ்அலாவை ஒளிவு மறைவின்றிச் சொல்லி விட வேண்டும். பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பெற்ற மக்களான ஆண், பெண் இருபாலார் மீதும் உள்ள கடமை. மருமகள் மீது ஷரீஅத் அதைக் கடமையாக்கவில்லை. அவள் செய்தால் அது அவளுடைய இஹ்ஸான். அதற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. கடமையுள்ள மகன் துபாயில் இருந்து கொண்டு, கடமையில்லாத ஒரு பெண்ணின் முதுகில் முழுப் பாரத்தையும் ஏற்றி வைத்து, அவள் களைத்துப் போய் ஒரு வார்த்தை சொன்னால் அவளைக் குற்றவாளியாக்குவது எந்தக் கிதாபிலும் இல்லை. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ முதுமையில் அடைந்தும் சுவர்க்கத்தைச் சம்பாதிக்கத் தவறியவனைக் கண்டித்துச் சொன்னது பெற்றோருடைய மகனைப் பற்றியே. மருமகளைப் பற்றி அல்ல.

அப்படியானால் இல்லத்தில் சேர்ப்பது கூடுமா, கூடாதா?

இஸ்ரா சூராவின் 23ஆம் வசனத்தில், பெற்றோர் முதுமையை அடைந்தால் அவர்களிடம் 'உஃப்' என்றும் சொல்லலாகாது என்று அல்லாஹ் கட்டளையிடும்போது, 'இந்தக' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறான். உன்னிடத்தில், உன் பக்கத்தில் என்பது அதன் பொருள். முதுமையில் பெற்றோர் இருக்க வேண்டிய இடம் மக்களின் அருகு என்பதே அடிப்படை. ஆகவே, வசதி இருந்தும், ஆள் இருந்தும், அருவருப்புக்காகவும் தொந்தரவுக்காகவும் ஒருவர் தம் பெற்றோரை வெளியே அனுப்பினால் அவர் அந்த வசனத்துக்கு மாறு செய்கிறார். இதில் ஐயமில்லை.

ஆனால், எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பதும் அதே குர்ஆனில் பகரா சூராவின் கடைசி வசனத்தில் இருக்கிறது. 'உன்னிடத்தில்' என்பது ஒரே கூரையின் கீழ் என்பதோடு முடிந்து விடுவதில்லை. உன் பொறுப்பில், உன் கண்காணிப்பில் என்பதும் அதில் அடங்கும். ஒரே வீட்டில் பின்கட்டு அறையில் பூட்டி வைத்து, தட்டைத் தள்ளி விட்டுப் போகிறவர் பெற்றோரைத் தம்மிடத்தில் வைத்திருப்பவர் ஆவாரா? பக்கத்து ஊர் இல்லத்தில் சேர்த்து விட்டு, வாரந்தோறும் போய் நகம் வெட்டி, எண்ணெய் தேய்த்து, உடம்பில் புண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வருகிறவர், கைவிட்டவர் ஆவாரா? விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயமும், அடுப்பைத் திறந்து விடும் அபாயமும் இருக்கும் வீட்டில், பார்க்க ஆளின்றி வைத்திருப்பதை விட, பயிற்சி பெற்ற கைகளில் வைப்பது சில சந்தர்ப்பங்களில் பெற்றோரின் ஹக்கை நிறைவேற்றுவதேயாகும். ஆலிம்களிடம் கேட்டு, ஒவ்வொரு வீட்டின் நிலைமையையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. ஊராரிடம் கேட்டு முடிவு செய்வதல்ல.

நோயாளிகளைப் பராமரிக்கத் தனி இல்லம் என்பது இஸ்லாத்துக்குப் புதிதும் அல்ல. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஜங்கி அவர்களும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூனும் கட்டிய பீமாரிஸ்தான்கள் வக்ஃபுச் சொத்திலிருந்து நடந்தன. துருக்கியின் எதிர்னே நகரில் 1488இல் இரண்டாம் பாயஸீது கட்டிய ஷிபாகானாவில் மனநோயாளிகளுக்கு நீரோடும் ஓசையும் இசையும் மருந்தாகக் கொடுக்கப்பட்டன. நம் ஜமாஅத்துகள் கல்யாண மண்டபம் கட்டிய வேகத்தில் இதையும் எண்ணிப் பார்த்திருந்தால், இந்தக் கட்டுரையில் பாதி எழுத வேண்டியிருந்திருக்காது.

இல்லத்தைத் தேடு முன், டாக்டரைத் தேட வேண்டும். மறதியெல்லாம் இந்த நோயல்ல. தைராய்டு குறைவாலும், பி-12 சத்துக் குறைவாலும், உடம்பில் உப்பு குறைவதாலும், சிறுநீர்த் தொற்றாலும், தலையில் அடிபட்டு மெல்ல இரத்தம் கட்டுவதாலும், மனச்சோர்வாலும், சில மாத்திரைகளாலும்கூட வயதானவர் திடீரென்று குழம்பிப் போவதுண்டு. இவற்றில் பல, சிகிச்சையால் சரியாகக் கூடியவை. அல்லாஹ் எந்த நோயையும் மருந்தில்லாமல் இறக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர என்று ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் அருளியது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. எது முதுமை, எது நோய் என்று பிரித்தறிவதுதானே முதல் வேலை? ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் நினைவுக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காட்டாமலே "வயசானா இப்படித்தான்" என்று விட்டு விடுவது பொறுமையல்ல.

மற்றொரு தவறும் நம்மிடையே உண்டு. இந்த நோயாளிகளில் பலருக்கு மஃரிபு நேரத்தில் அமைதியின்மை கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே அழுவார்கள். சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். உடனே ஜின் கோளாறு என்று முடிவு கட்டி, தாயத்துக்கும் தகட்டுக்கும் ஓடுகிறோம். பொழுது சாயும்போது வெளிச்சம் மாறுவதும் உடல் களைப்பும் மூளையைக் குழப்புகின்றன என்று வைத்தியர்கள் விளக்குகிறார்கள். விளக்கை முன்கூட்டியே ஏற்றி, கூச்சலைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக யாஸீன் ஓதிப் பாருங்கள். ஓதுவது நன்மையே, சங்கிலி போடுவதுதான் கொடுமை.

சங்கிலி என்றதும் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்குப் பக்கத்தில் தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதி ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் ஓட வழியின்றி வெந்து மாண்டார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. அந்த வகை விடுதிகளை அரசு மூடியது. மாண்டவர்கள் மனநோயாளிகள், மறதி நோயாளிகள் அல்ல என்பது உண்மை. ஆனால் அவர்களைக் கொண்டு போய் விட்டவர்கள் யார்? உம்மா, வாப்பா, காக்கா, தம்பி ஆகிய சொந்தங்கள்தாம். மாதாமாதம் பணமும் கட்டியிருப்பார்கள். இரவில் எங்கே படுக்கிறார்கள், கதவுச் சாவி யாரிடம், கையில் விலங்கு உண்டா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

அமானிதங்களை அவற்றுக்குத் தகுதியானவர்களிடம் ஒப்படைக்கும்படி நிஸா சூராவின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நகையை அடகு வைக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். பெற்றவரை ஒப்படைக்கும்போது விளம்பரத்துத் தாளை மட்டும் பார்த்தால் போதுமா?

சொல்லிவிட்டுப் போகாதீர்கள், சொல்லாமல் போங்கள். பகல் பதினோரு மணிக்கு எல்லா இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். மஃரிபு நேரத்தில் போய்ப் பாருங்கள். இராச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் மூத்திர நாற்றம் அடித்தால், அங்கே வேலைக்கு ஆள் போதாது என்று பொருள். எத்தனை பேருக்கு ஒரு ஆயா, இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். இருப்பவர்களின் கைமணிக்கட்டைப் பாருங்கள்; கட்டிய தழும்பு தெரியும். பகலிலேயே எல்லோரும் அசந்து தூங்கிக் கொண்டிருந்தால், தூக்க மாத்திரை கொடுத்து ஆளைச் சமாளிக்கிறார்களா என்று விசாரியுங்கள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். படுக்கைப்புண் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால் அவர்கள் முகமே பதில் சொல்லி விடும். விழுங்க முடியாதவருக்குச் சோற்றைக் குழைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, அவசரத்தில் திணிக்கிறார்களா? தீப்பிடித்தால் வெளியேற வழி எது? முதியோர் இல்லத்துக்கும் மனநலக் காப்பகத்துக்கும் அரசுப் பதிவு வேண்டும்; பதிவுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் கேட்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்து ஆலோசனை பெறலாம். "எந்த நேரமும் வந்து பார்க்கக் கூடாது" என்று ஓர் இல்லம் சொன்னால் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து விடுங்கள்.

நம் மார்க்கத்துக்கு உரிய விஷயங்களும் உண்டு. பெண்களைப் பெண்களும் ஆண்களை ஆண்களும்தாம் குளிப்பாட்டி, உடை மாற்ற வேண்டும். அறிவு போனாலும் அவ்ரத்துக்குரிய கண்ணியம் போவதில்லை. அறுபத்தைந்து வருஷம் தலையில் முந்தானை விலகாமல் வாழ்ந்த உம்மாவின் தலையை மொட்டையடித்து, ஒரு நைட்டியை மாட்டி, ஆண்கள் நடமாடும் வராந்தாவில் உட்கார்த்தி வைப்பது, அவர் அறியாவிட்டாலும் அநியாயமே. இறைச்சி ஹலால் என்று உறுதியில்லாத இடத்தில் மரக்கறிச் சாப்பாடு என்று எழுதிக் கொடுத்து விடலாம்.

நம் மாவட்டத்தில் கன்னியாஸ்திரீகளும் மற்ற சமயத்தாரும் நடத்தும் இல்லங்களும் இருக்கின்றன. அங்கே விடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தீனில் குறுக்கிடாமல், சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பராமரிப்பவர்களானால் கூடும். ஹிஜ்ரத்தின்போது தம் உயிரையே பணயமாக வைத்த அந்தப் பிரயாணத்தில், நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திக் கொண்டது முஸ்லிமல்லாத அப்துல்லாஹ் இப்னு உரைகித்தை. அவருடைய நம்பிக்கையும் தொழில் தேர்ச்சியும் பார்க்கப்பட்டன. பெயரில் மட்டும் முஸ்லிம் இல்லமாக இருந்து, புண்ணில் புழு வைக்க விடும் இடத்தை விட இது மேல்.

தொழுகை, நோன்பு பற்றியும் பலர் கவலைப்படுகிறார்கள். மூவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸில், அறிவு நீங்கியவரும் ஒருவர். தொழுகை எது, நேரம் எது என்று விளங்காத நிலைக்குப் போய் விட்டவர் மீது தொழுகையும் கடமையில்லை, நோன்பும் கடமையில்லை. அந்தக் காலத்து நோன்புக்குப் பித்யாவும் இல்லை. அறிவு தெளிவாக இருந்து, உடல் தளர்ச்சியால் நோன்பு நோற்க இயலாத முதியவருக்குத்தான் பித்யா. நோய் ஏறியும் இறங்கியும் இருப்பவருக்குத் தெளிவு வரும் நேரத்தில் இயன்றதைச் செய்ய உதவ வேண்டும். நான்கு ரக்அத்தை ஏழாக்கித் தொழுதாலும் திட்டாதீர்கள். பேரன் பெயரை மறந்தவர்கள் அல்ஹம்து சூராவைப் பிழையின்றி ஓதுவதைப் பல வீடுகளில் காணலாம். சிறு வயதில் மனதில் பதிந்தது கடைசியில்தான் போகும். ஆகவே இல்லத்துக்காரர்களிடம் கிப்லாத் திசையைக் காட்டி, பாங்கு ஓசையோ கிராஅத்தோ காதில் விழ ஒரு சிறு ஏற்பாடு செய்து வையுங்கள்.

மௌத்தாகிப் பத்து வருஷமான கணவரை, "அவுங்க இன்னும் வரலியா?" என்று உம்மா கேட்கும்போது என்ன சொல்வது? "அவர் மௌத்தாகி விட்டாரே" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிதாக மையித்து விழுகிறது. பொய்யும் சொல்ல வேண்டாம். ஷரீஅத் அனுமதித்த, உண்மையிலிருந்து விலகாத மறைபொருள் பேச்சு இருக்கிறது. "அவுங்களை நினைச்சுக்கிட்டு இருந்தீங்களா உம்மா? அவுங்களுக்கு என்ன கறி பிடிக்கும்?" என்று பேச்சைத் திருப்புங்கள். "உம்ராவுக்குப் போகிறோம்" என்று பொய் சொல்லி வாப்பாவைக் காரில் ஏற்றி, இல்லத்து வாசலில் இறக்கி விட்டு வருபவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. முதல் சில நாள் கூடவே தங்கியோ, பகலில் மட்டும் கொண்டு போய்ப் பழக்கியோ விடுவதுதான் முறை. அவர் கட்டிலுக்கு அவருடைய பழைய விரிப்பும், தஸ்பீஹும், தொப்பியும் கூடவே போகட்டும்.

பணத்தைப் பற்றி. அவருக்குச் சொந்தச் சொத்து இருந்தால் செலவு அதிலிருந்து. இல்லாவிட்டால் மக்கள் மீது. சகோதரர்கள் பங்கு போட்டுக் கொள்ளும்போது, உடனிருந்து பார்த்த சகோதரியின் உழைப்பையும் பணமாகவே கணக்கில் எடுங்கள். அவருடைய சொத்துக்கு ஜகாத்து, ஷாஃபிஈ மத்ஹபின்படி அவருடைய பொறுப்பாளர் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி அறிவு நீங்கியவர் மீது கடமையில்லை. நினைவு போனவரின் பெருவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் ஒற்றி எடுக்கும் பாவம் நம்மிடையே நடக்கிறது. அறிவில்லாத நிலையில் செய்த கிரயமும், ஹிபாவும், வஸிய்யத்தும், தலாக்கும் ஷரீஅத்தில் செல்லாது. அந்த வீட்டில் குடியிருப்பவர், பிற வாரிசுகளின் பங்கை அபகரித்து வைத்திருப்பவரே. நிஸா சூராவின் 5ஆம் வசனம், பொருளை நிர்வகிக்கத் தெரியாதவரின் கையில் அதைக் கொடுக்காமல், அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, நல்ல வார்த்தை பேசும்படி சொல்கிறது. நல்ல வார்த்தையையும் செலவுக் கணக்கில் சேர்த்திருக்கிறான் ரப்பு. பெற்றோரைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருக்கிறது. கைவிடப்பட்டவரால் இயலாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்தவர் அவர் சார்பில் தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் கோர்ட்டுக்குப் பயந்து சோறு போடும் மகனின் சோறு எந்த ருசியில் இருக்குமோ!

சேர்க்கும் அன்றே இன்னொன்றையும் எழுத்தில் கொடுத்து விட வேண்டும். உடல் நிலை மோசமானால் எந்த நேரமும் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஸக்ராத் வேளையில் கலிமா சொல்லிக் கொடுக்க யார் பக்கத்தில் இருப்பது. மௌத்தானால் மையித்தைக் குளிர்ப் பெட்டியில் நாள் கணக்கில் வைக்காமல், தகனத்துக்கோ வேறெங்குமோ அனுப்பி விடாமல், எந்த மஹல்லாப் பள்ளிக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெண் மையித்தைக் குளிப்பாட்டப் பெண்கள் யார் வருவார்கள். இரண்டு போன் எண்களாவது கொடுங்கள். ஒன்று வெளிநாட்டு எண்ணாக இருந்தால், மற்றது கோட்டாற்றிலேயே இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும்.